எல்சா பெரெட்டி: அன்றாடம் அணியும் நகையைத் தந்தவர்

ஸ்பெயினின் கற்றலோனியா மாநிலத்தில், ஜிரோனா நகருக்கு அருகே சான்ட் மார்ட்டி வெல் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. 2021 மார்ச் 18 அன்று அங்கே தனது 80ஆவது வயதில் எல்சா பெரெட்டி காலமானார். எம்மவரில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உருவாக்கிய வடிவங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. மெல்லிய சங்கிலியில் தொங்கும், நடுவே வெறுமையான சிறு இதயம், இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வைரங்கள் பதித்த நூல் போன்ற சங்கிலி, மணிக்கட்டு எலும்பின் மேட்டோடு வளைந்து செல்லும் அகன்ற காப்பு ஆகியவை அவருடைய கையிலிருந்து வந்தவை. இன்று உலகெங்கும் அங்காடிகளில் கிடைக்கும் எத்தனையோ மலிவான போலிகளுக்கும் மூலம் அவைதான்.

இருபதாம் நூற்றாண்டின் நகை வரலாற்றில் அவருக்கு இடம் கிடைத்ததற்கு ஒரு காரணத்தை முதன்மையாகச் சொல்லலாம். மேற்குலகில் உயர்ந்த நகை என்பது விருந்துக்கும் விழாவுக்கும் உரியது, பெட்டகத்தில் இருந்து எடுத்துப் போட்டுத் திரும்பவும் பெட்டகத்தில் வைக்க வேண்டியது என்ற வழக்கத்தை அவர் மாற்றினார். காலையில் வேலைக்குப் போகும்போது போட்டு, இரவு வரை கழற்றாமல் இருக்கக்கூடிய நகையை, உலகின் மிகப் பெயர்பெற்ற நகைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டு வந்து வைத்தார்.

வீட்டை விட்டு வெளியேறியவர்

எல்சா பெரெட்டி 1940 மே 1 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்டினாண்டோ பெரெட்டி, ‘ஆப்பி’ என்ற இத்தாலிய எண்ணெய் நிறுவனத்தை நிறுவிய பெரும் செல்வந்தர். ரோமிலும் சுவிற்சர்லாந்திலும் படிப்பு. கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். வசதியான ஒரு கலியாணம்தான் மகளுக்குக் குறித்து வைக்கப்பட்ட பாதை.

அந்தப் பாதையில் அவர் போகவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் வீட்டை விட்டு வெளியேறினார். சுவிற்சர்லாந்தில் மொழி கற்பித்தும் பனிச்சறுக்குப் பயிற்சி கொடுத்தும் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். பின்னர் உள்ளக வடிவமைப்புப் படித்து, மிலானில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். 1960களின் நடுவில் பார்சிலோனாவுக்குப் போய் விளம்பர அழகியாகத் தொழில் தொடங்கினார். குடும்பம் அதை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது.

பார்சிலோனா அவருக்கு இரண்டாவது தாய்மண் ஆனது. ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நிலவிய காலம் அது. அந்த இறுக்கத்துக்குள்ளும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் கூடிப் பேசிய ஒரு வட்டம் அங்கே இருந்தது. அவர்களோடு பழகினார். அந்தோனி கௌடி கட்டிய கட்டடங்களில் கல்லே எலும்பும் அலையுமாக வளைந்து நிற்பதை அன்றாடம் பார்த்தார். 1968இல் அவர் நியூயோர்க்குக்குப் புறப்பட்டபோது கையில் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. ஆனால் பார்சிலோனா பழக்கிய கண் கூடவே போனது.

பூவேந்திய சிறு சாடி

அவருடைய முதல் நகை 1969இல் பிறந்தது. பழம்பொருள் சந்தையொன்றில் சிறியதொரு பூச்சாடியைக் கண்டார். அதைப் போலவே வெள்ளியில் விரலளவு சாடி ஒன்றைச் செய்து, கழுத்தில் தொங்கவிட்டு, உள்ளே ஒரு காம்போடு பூவைச் செருக வேண்டும் என்று தோன்றியது. வடிவத்தை வரைந்து, ஸ்பெயினில் வெள்ளி வேலை செய்யும் ஒரு பத்தரிடம் கொடுத்துச் செய்வித்தார். நியூயோர்க்கில் ஆடை வடிவமைப்பாளர் ஜியோர்ஜியோ டி சான்ட் ஆஞ்செலோவின் ஆடைக் காட்சியில் ஓர் அழகி அதை அணிந்து நடந்தார். பார்த்தவர்கள் ஆடையை விட்டுவிட்டுச் சாடியைப் பற்றிக் கேட்டார்கள்.

அதன் பிறகு ஹால்ஸ்டன் வந்தார. அமெரிக்க ஆடையுலகில் 1970களின் மிகப் பெரிய பெயர் அவருடையது. ஹால்ஸ்டனின் ஆடைகளில் அலங்காரம் கிடையாது. நீண்ட, எளிய, உடலோடு விழும் துணி மட்டுமே. அத்தகைய ஆடைக்கு வைரமும் மாணிக்கமும் குவிந்த பழைய பாணி நகை பொருந்தாது. பெரெட்டியின் வழவழப்பான வெள்ளி வடிவங்கள் பொருந்தின. 1971இல் அமெரிக்க ஆடையுலகின் உயரிய கௌரவங்களில் ஒன்றான கோட்டி விருது அவருக்குக் கிடைத்தது. நகைத்துறையில் கால் வைத்து இரண்டே ஆண்டுகள்.

வெள்ளியைத் தேர்ந்தது ஏன்?

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உயர்ந்த நகை என்றால் தங்கமும் பிளாட்டினமும்தான். வெள்ளி என்றால் கரண்டி, தட்டு, தேநீர்க் குவளை. கழுத்தில் போட்டால் அது சாதாரண மக்களின் அணி, அல்லது ஹிப்பி இளைஞர்களின் அணி. பெரெட்டி வெள்ளியைத் துணிந்து எடுத்தார்.

காரணம் நடைமுறையானது. நகைக்குப் பயன்படும் வெள்ளியில் 92.5 வீதம் தூய வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மிக மென்மையானது. செம்பு கலந்ததும் அன்றாட உழைப்பைத் தாங்கும் வலிமை வருகிறது. தங்கத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. ஆகவே பெரிய, திடமான, கைநிறைய வடிவத்தை ஒரு சம்பளக்காரி வாங்கக்கூடிய விலையில் செய்ய முடியும். அதே காப்பைத் தங்கத்தில் செய்தால் அது பெட்டகத்துக்குத்தான் போகும்.

வெள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் அது கறுக்கும். அலுமாரிக்குள் வைத்து மறந்த வெள்ளி கறுத்துப்போகும். தினமும் போட்டால் தோலும் துணியும் உரசி உரசி மங்காமல் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தப் பொலிவு பெறும் உலோகம். அன்றாட நகைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு என்ன?

வெள்ளி எங்கள் பண்பாட்டிலும் அன்றாட உலோகமாகத்தான் இருந்திருக்கிறது. குழந்தையின் அரைஞாணும் சிறுமியின் கொலுசும் மணமான பெண்ணின் மெட்டியும் வெள்ளி. தங்கத்தைக் காலில் அணியக்கூடாது என்ற மரபால், ஓடியாடித் திரியும் உறுப்புக்கு வெள்ளி உரியதாயிற்று. ஆனால் கழுத்துக்கும் கைக்கும் என்று வரும்போது அதை இரண்டாம் தரமாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

1974: டிஃபனியின் கதவு

1837இல் தொடங்கிய டிஃபனி நிறுவனம் நியூயோர்க்கின் ஐந்தாம் அவென்யூவில் செல்வந்தர்களின் நகைக் கடையாகப் பெயர் பெற்றிருந்தது. அங்கே கால் நூற்றாண்டாக வெள்ளி நகை விற்கப்படவில்லை. 1974இல் ஹால்ஸ்டன் பெரெட்டியை அந்த நிறுவனத்தின் தலைவர் வால்டர் ஹோவிங்கிடம் அறிமுகம் செய்தார். உடன்பாடு விரைவிலேயே கையெழுத்தானது. பெரெட்டியின் பெயரோடு அவருடைய வெள்ளி நகைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வந்தன.

வாங்க வந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். அதுவரை அத்தகைய கடைகளில் நகை என்பது பெரும்பாலும் ஆண் வாங்கிப் பெண்ணுக்குக் கொடுப்பது. கணவனின் பரிசு, தந்தையின் சீர், காதலனின் வாக்குறுதி. 1970களில் அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக அலுவலகங்களுக்குச் சென்று சொந்தச் சம்பளம் பெறத் தொடங்கினார்கள். பெண் என்பதாலோ மணநிலையாலோ கடன் வசதி மறுக்கக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியதும் அதே 1974இல்தான். அதற்கு முன்னர் மணமான பெண் ஒருவர் கடனட்டைக்கு விண்ணப்பித்தால் கணவரின் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் பல. சொந்தக் காசில் தனக்கென்று ஒரு நகை வாங்க விரும்பிய பெண்ணுக்குப் பொருத்தமான நகையை, பொருத்தமான காலத்தில் பெரெட்டி செய்து வைத்திருந்தார்.

நான்கு வடிவங்கள்

*எலும்புக் காப்பு.* ரோமில் கப்புச்சின் துறவிகளின் தேவாலயம் ஒன்றின் நிலவறையில், இறந்துபோன துறவிகளின் ஆயிரக்கணக்கான எலும்புகளால் சுவர்களும் கூரையும் அலங்கரிக்கப்பட்டிருக்கின்றன. சிறுமியாக இருந்தபோது பெரெட்டி அங்கே அடிக்கடி போவார். ஒரு சிறு எலும்பைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தாயார் திருப்பி அனுப்பிய கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நினைவும் பார்சிலோனாவில் கண்ட கௌடியின் வளைவுகளும் சேர்ந்து 1970இல் இந்தக் காப்பு உருவானது. மணிக்கட்டின் வெளிப்புறத்தில் துருத்தும் எலும்புக்கு இடம்விட்டு வெள்ளி மேடாக வளைகிறது. வலக்கைக்கு ஒரு வடிவம், இடக்கைக்கு வேறொரு வடிவம். மாற்றிப் போட்டால் பொருந்தாது. செருப்பைப் போலக் காப்பையும் கைபார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

*திறந்த இதயம்.* இதய வடிவப் பதக்கம் உலகில் புதிதல்ல. பெரெட்டி அதன் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, ஒழுங்கற்ற, சற்றுச் சரிந்த விளிம்பை மட்டும் விட்டார். பிரித்தானியச் சிற்பி ஹென்றி மூரின் சிற்பங்களில் உள்ள வெற்றிடங்களே இதற்குத் தூண்டுதல். சங்கிலி அந்தத் துளை வழியாகவே ஓடுகிறது. தனியாக வளையமோ கொக்கியோ இல்லை. ஆகவே இதயம் சங்கிலியில் எங்கே வேண்டுமானாலும் நகரும், எப்படி வேண்டுமானாலும் சரியும்.

*அவரை விதை.* உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விதை. உயிரின் தொடக்கம் என்ற எண்ணத்தோடு அவர் செய்த வடிவம். கூர்முனை இல்லை, அலங்காரம் இல்லை. அணிந்திருப்பவரின் விரல்கள் தம்மையறியாமல் அதைத் தடவிக்கொண்டிருக்கும். தொடுவதற்கு எப்படி இருக்கிறது என்பதையும் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதற்குச் சமமாக எடுத்துக்கொண்டவர் அவர்.

*யார் கணக்கில் வைரம்.* 1974இல் வந்த இந்த நகைதான் வைர வணிகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. துணிக்கடையில் யார் கணக்கில் துணி வெட்டி வாங்குவதுபோல, வைரம் பதித்த சங்கிலியை நீளம் பார்த்து வாங்கலாம் என்பது பெயரிலுள்ள குறும்பு. மெல்லிய சங்கிலி, அதில் இடைவெளி விட்டுச் சிறு சிறு வைரங்கள். ஒவ்வொரு கல்லையும் சுற்றி மெல்லிய உலோக விளிம்பு. வழக்கமாக வைரத்தை நகங்கள் போன்ற கம்பிகள் தூக்கிப் பிடிக்கும். அந்தக் கம்பிகள் கம்பளிச் சட்டையிலும் தலைமுடியிலும் மாட்டும். விளிம்புக்குள் பதித்த கல் எங்கும் மாட்டாது, எளிதில் கழன்றும் விழாது. பருத்திச் சட்டையோடும் போடலாம், விருந்து ஆடையோடும் போடலாம். சிறிய கல்லில் தொடங்கும் விலையால், வைரம் என்றால் பணக்காரரின் பொருள் என்ற எண்ணமும் சற்றுத் தளர்ந்தது. இன்று எந்த நகைக் கடைக்குப் போனாலும் இந்தப் பாணிச் சங்கிலியைக் காணலாம்.

இவை தவிர கண்ணீர்த்துளி, பாம்பு, தேள், சிறு குப்பி, துணிபோல மடங்கும் உலோக வலை என்று பல உண்டு. கரண்டி, மெழுகுவர்த்தித் தண்டு, கிண்ணம் என வீட்டுப் பொருட்களையும் அவர் வடிவமைத்தார். ஹால்ஸ்டனின் வாசனைத் திரவியத்துக்காக அவர் செய்த துளி வடிவப் போத்தலும் மிகப் புகழ்பெற்றது.

கைவினைஞர்களோடு

பெரெட்டி தாளில் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கியவரல்லர். பார்சிலோனாவின் வெள்ளிப் பத்தர்களோடும் இத்தாலியக் கைவினைஞர்களோடும் ஜப்பானின் அரக்குப் பூச்சுக் கலைஞர்களோடும் பல ஆண்டுகள் கூடவே இருந்து வேலை செய்தார். ஒரு வளைவு சரிவரும்வரை மாதிரியைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். வேலை எளிமையானதாகத் தோன்றுவதால் தவறை மறைக்க இடமில்லை. பூவேலையும் கற்களும் நிறைந்த நகையில் சிறு பிசகு தெரியாது. வழவழப்பான விதையில் மயிரிழைப் பள்ளம்கூடக் கண்ணில் படும்.

அவருடைய பொருட்கள் இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்திலும், பொஸ்ரன், ஹியூஸ்டன் நகரங்களின் நுண்கலை அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. 1996இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றம் அவரை அந்த ஆண்டின் சிறந்த அணிகலன் வடிவமைப்பாளராகத் தேர்ந்தது. வணிக வெற்றியும் குறைவில்லை. 2012இல் டிஃபனி அவரோடு 20 ஆண்டுகளுக்குப் புதிய உடன்பாடு செய்தபோது, அதற்காகக் கொடுத்த தொகை 4 கோடியே 70 இலட்சம் டொலருக்கும் மேல். அந்தக் காலகட்டத்தில் அந்த நிறுவனத்தின் மொத்த விற்பனையில் ஏறத்தாழ 10 வீதம் அவருடைய வடிவங்களால் மட்டும் வந்தது.

கிராமமும் அறக்கட்டளையும்

நியூயோர்க்கின் இரவுக் கொண்டாட்டங்கள் அவரைக் களைப்படைய வைத்தன. 1960களின் இறுதியிலேயே சான்ட் மார்ட்டி வெல்லில் பாழடைந்த ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். பிற்காலத்தில் அதுவே அவர் வீடும் பட்டறையும் ஆனது. அந்தக் கிராமத்தின் இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார். பிறந்த ஊரை விட்டு வந்த ஒருவர், ஆட்கள் விட்டுப்போன ஓர் ஊரைக் கல் கல்லாக எழுப்பிக் குடியிருந்தார். கற்றலோனிய அரசின் பண்பாட்டு விருதும் 2013இல் அவருக்குக் கிடைத்தது.

தந்தையோடு நீண்ட காலம் பேச்சின்றி இருந்தவர், 1977இல் தந்தை இறப்பதற்குச் சற்று முன்னர் சமாதானமானார். 2000இல் தந்தையின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இயற்கைப் பாதுகாப்பு, மனித உரிமை, கல்வி, மருத்துவம் எனப் பல நாடுகளில் அது உதவி வருகிறது.

எடையா, வடிவமா?

பெரெட்டியின் நகைகளைப் புகழும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அவை முதலீடு அல்ல. டிஃபனியில் வாங்கிய வெள்ளிக் காப்பை உருக்கினால் கிடைப்பது வெள்ளியின் விலை மட்டும்தான். கொடுத்த காசின் பெரும்பகுதி வடிவத்துக்கும் வேலைக்கும் கடையின் பெயருக்கும் போனது. எங்கள் 22 கரட் சங்கிலியில் கதை வேறு. செய்கூலியும் சேதாரமும் கழிந்தாலும் பவுணின் விலை கையில் நிற்கும்.

இந்த வேறுபாட்டின் பொருள் புலம்பெயர்ந்த தமிழருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை விட்டு இரவோடிரவாக வெளியேறியபோது வீடும் காணியும் கூட வரவில்லை. கழுத்திலும் காதிலும் இருந்தது வந்தது. எத்தனையோ பிள்ளைகளின் ஏஜென்சிக் காசு தாயின் தாலிக்கொடியிலும் அக்காவின் காப்பிலும் இருந்துதான் புறப்பட்டது. அடைவுக் கடையில் வைத்து மீட்கப்படாமலே போன நகைகளுக்குக் கணக்கில்லை. தங்கத்தைச் சேமிப்பாக நினைக்கும் எங்கள் பழக்கத்தை வெறும் ஆடம்பரம் என்று சிரிப்பவர்களுக்கு அந்த வரலாறு தெரியாது. எண்ணெய் முதலாளியின் மகள் வெறுங்கையோடு வெளியேறியதும், போரால் துரத்தப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு வெளியேறியதும் ஒன்றல்ல.

ஆனாலும் அந்த நிலை மாறிய பிறகும் பழக்கம் அப்படியே தொடர்கிறது. கலியாணவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் மட்டும் வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் போட்டு, திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோய் வைக்கிறோம். வீட்டில் வைக்கப் பயம். லண்டனில் தீபாவளி நெருங்கும்போது ஆசியர் வீடுகளின் தங்கத்தைக் குறிவைக்கும் திருடர்களைப் பற்றிப் பொலிஸார் எச்சரிப்பது வழமையாகிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் நகைகள் ஒரு பெட்டக எண்ணாகவும் ஒரு நிறையாகவும் மட்டுமே தெரியும். எந்தக் காப்பு எவருடையது, எந்தத் தோடு எந்த ஊர்ப் பத்தர் செய்தது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு.

பெரெட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது இங்கேதான் இருக்கிறது. டிஃபனிக்குப் போக வேண்டும் என்பதல்ல. சேமிப்புக்கு ஒன்று, அணிவதற்கு ஒன்று என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். சேமிப்பு பெட்டகத்தில் இருக்கட்டும். மகளுக்குக் கொடுக்கும் நகைகளில் ஒன்றாவது அவள் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போட்டுப் போகக்கூடியதாக இருக்கட்டும். பாட்டியின் உடைந்த அட்டியலை எடைக்குக் கொடுத்துவிடாமல், அதிலுள்ள ஒரு மாங்காயைத் தனியே எடுத்து மெல்லிய சங்கிலியில் கோர்க்க ஒரு நல்ல பத்தரால் முடியும். கொக்கியில்லாமல், மாட்டாமல், உறுத்தாமல் செய்யச் சொல்லிக் கேட்கலாம். விற்றால் என்ன விலை போகும் என்பதை மட்டும் பார்க்காமல், அவள் எத்தனை நாள் அணிவாள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம்.

பெரெட்டியின் முதல் வெள்ளிச் சாடி உருவாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் மறைந்த பின்னரும் எலும்புக் காப்பும் திறந்த இதயமும் விற்பனையில் இருக்கின்றன. தாயார் 1970களில் வாங்கிய காப்பை இன்று மகள் அணிகிறாள். சிறு சிறு கீறல்களும் தேய்மானமும் அதில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள் என்பதற்கு அந்தக் கீறல்கள் சாட்சி.